மலையைத் தூக்கியவனும் பால் கறப்பவரும்

செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசுப் பாறையை ஒட்டி இருக்கிறது கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையை ஒற்றைக் கையால் தாங்கும் கண்ணனை 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அங்கே செதுக்கியிருக்கிறார். பார்ப்பவர் கண் போய் நிற்பதென்னவோ சற்றுத் தள்ளித்தான். ஒருவர் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. வெளியே இந்திரன் மழையாகக் கொட்டித் தீர்க்கும் நேரத்தில் நிதானமாக ஒரு பால் கறவை!

சூப்பர்ஹீரோ படம் எடுப்பவர்கள் ஒருமுறை ஈ.சி.ஆரில் வண்டியை விட்டு, இதைப் பார்த்துவிட்டு வரலாம்.

மிஷ்கினின் 'முகமூடி' (2012) படத்தில் ஜீவாவுக்கு அங்கி கச்சிதம், குங்ஃபூவும் கச்சிதம். பேட்மேன் ஊரின் இருட்டுதான் சென்னைத் தெருவில் ஒட்டவில்லை. படம் எடுபடவில்லை.

பேசில் ஜோசப்பின் 'மின்னல் முரளி' (2021) மலையாளப் படம். நாயகன் கிராமத்துத் தையல்காரன். அவனைத் தாக்கிய மின்னலே டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபுவையும் தாக்குகிறது. ஊர் கிறுக்கன் என்று ஒதுக்கிய ஷிபு, பல வருடக் காத்திருப்புக்குப் பின் காதலியின் முன் உடைந்து நிற்கும் காட்சியில் வில்லன் ஷிபுவாக வரும் நம்மூர் குரு சோமசுந்தரம் நாயகனையே மறக்கடித்துவிடுகிறார். வில்லனுக்காகக் கண் கலங்க வைத்த சூப்பர்ஹீரோ படங்கள் எத்தனை?

மடோன் அஸ்வினின் 'மாவீரன்' (2023) அந்தப் பால் கறவைக்கு இன்னும் கிட்டே வருகிறது. சிவகார்த்திகேயன் பயந்த சுபாவமுள்ள படக்கதை ஓவியர். குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம். ஆபத்து அங்கே கைபட்டால் உதிர்கிற சுவரிலிருந்து வருகிறது. மீதியை, அவர் காதில் மட்டும் ஒலிக்கும் விஜய் சேதுபதியின் குரல் பார்த்துக்கொள்கிறது.