ஆபீஸ் மென்பொருள்: இலவசமா, காசு கொடுப்பதா? கோவை சிறுதொழில்களுக்கு எது கட்டுப்படியாகும்?

கோவை குறிச்சி சிட்கோவிலோ கணபதியிலோ உள்ள ஒரு சின்ன பட்டறையின் ஆபீஸ் ரூமில் மூன்று, நான்கு கணினிகள் இருக்கும். கொட்டேஷன் அடிக்க வேர்டு, சம்பளக் கணக்குக்கு எக்செல், வரவு செலவுக்கு டேலி. டேலிக்கு பில் இருக்கும். வேர்டுக்கும் எக்செல்லுக்கும் பில் எங்கே என்று கேட்டால், "சிஸ்டம் போட்டுக் குடுத்தவரே ஏத்திக் குடுத்துட்டாருங்க" என்ற பதில் பல இடங்களில் வரும்.

இத்தனை நாள் ஓடிய இந்த ஏற்பாடு 2025-ல் இடிக்கத் தொடங்கியது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானதும், திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள் ஒவ்வொரு செலவையும் எண்ண வேண்டியதாயிற்று. அக்டோபர் 14-ல் ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அவை இன்னும் ஓடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது.

கிராக் போட்ட மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். பட்டறை நடத்துபவர் அப்படிச் சொல்ல முடியாது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. லேப்டாப்போடு சேர்ந்து வந்த 'ஹோம் அண்ட் ஸ்டூடண்ட்' 2019, 2021 பதிப்புகள் ஒரிஜினல்தான். ஆனால் அவற்றின் உரிமம் வீட்டுக்கும் படிப்புக்கும் மட்டுமே.

இலவசத்தில் இரண்டு வகை

லிப்ரேஆபீஸ், 2010-ல் ஓபன்ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம், நெட் இல்லாமலும் வேலை செய்யும். இதைத்தான் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். கூகுள் டாக்ஸ், ஜோஹோ ரைட்டர் வேறு வகை. தனிநபருக்கு இலவசம், கம்பெனி பெயரில் மெயில், கூடுதல் இடம் என்று கேட்கும்போது ஆளுக்கு இவ்வளவு என பில் வரும். கோப்புகள் இருப்பதும் அவர்களுடைய சர்வரில்தான்.

சர்வர் யார் கையில் என்பது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத் தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் திடீரென சேவையை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. அதன்பின் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தான் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். கல்வி அமைச்சகமும் ஜோஹோ ஆபீஸைப் பயன்படுத்த உத்தரவிட்டது. ஜோஹோ உள்நாட்டு நிறுவனம், இந்தியப் பயனர்களின் தரவுக்கு இங்கேயே டேட்டா சென்டர் வைத்திருக்கிறது. ஆனால் அது கட்டற்ற மென்பொருள் அல்ல. சுதேசி வேறு, கட்டற்றது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

மாறினால் எங்கே இடிக்கும்?

கடிதம், கொட்டேஷன், சாதாரணக் கணக்குக்கு லிப்ரேஆபீஸ் தாராளமாகப் போதும். இடிப்பது எக்செல்லில். ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் படிவம் மேக்ரோ உள்ள எக்செல் கோப்பு, அது எம்.எஸ். எக்செல்லை நம்பியே எழுதப்பட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் கோப்பில் மேக்ரோ இருந்தாலும் இதே தலைவலிதான்.

தமிழ் எழுத்து உடைவதற்கு மட்டும் லிப்ரேஆபீஸைத் திட்டிப் பயனில்லை. வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எந்த மென்பொருளிலும் கிறுக்கலாகத்தான் தெரியும். யுனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றதே கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான்.

மாற்றத்தைத் தமிழகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கும் ஓபன்ஆபீஸுக்கும் மாறியது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸ் என முடிவெடுத்து, பத்தாண்டு உழைத்து மாறி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024-ல் 30 ஆயிரம் கணினிகளை லிப்ரேஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது.

நாலு கணினி உள்ள யூனிட்டுக்கு ஒத்துவருவது கலவைதான். ஜிஎஸ்டி, ஏற்றுமதி வேலை நடக்கும் ஒரு கணினிக்கு மட்டும் முறையான வணிக உரிமத்தோடு எம்.எஸ். ஆபீஸ், மற்றவற்றில் லிப்ரேஆபீஸ். பழையதை அழிக்கும் முன், போன மாதம் அதிகம் திறந்த பத்துக் கோப்புகளைப் புதியதில் திறந்து பார்க்க வேண்டும். வெளியே போகும் கொட்டேஷனை பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் கட்டம் நகராது. ஆடிட்டர் எந்த வடிவில் கோப்பு கேட்பார் என்பதை அதற்கும் முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.