ரேடியோ கரகரன்னா பழி ரேடியோ மேல இல்லை

1/ மருத்துவம் இல்லாத த்ரெட். ஆனா நோயைக் கண்டுபிடிக்கிற முறை ஒண்ணுதான். மயிலாடுதுறைப் பக்கம் ஊர்ல இருக்கிற அப்பா, சாயங்காலமானா திருச்சி வானொலி ஒரே இரைச்சல்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தார். "பழசுப்பா, புதுசு வாங்கிக்கலாம்"னு நானும் சொல்லிட்டேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்காம மாத்திரை எழுதின கதை.

2/ சாயங்காலம் மட்டும் ஏன்? விளக்கு போடுற நேரம். எல்இடி பல்புக்குள்ள இருக்கிற சர்க்யூட் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி விடுது. மலிவு பல்புல ஃபில்டர் வைக்காம விட்டா, அந்த இரைச்சல் மத்திய அலை முழுக்கப் பரவும். வீட்டு ஒயரிங்கே அதுக்கு ஏரியல்.

3/ நான் செஞ்ச லூப் ஆண்டெனா: 2 அடி சதுர மரச்சட்டம், அதைச் சுத்தி 10-12 சுத்து இனாமல் செப்புக் கம்பி, கம்பியோட ரெண்டு முனையிலும் பழைய ரேடியோவோட கேங் கண்டென்சர். ரேடியோவுக்கு ஒயர் இழுக்க வேணாம். சட்டத்துக்குக் குறுக்கா வெச்சு, ஸ்டேஷன் இல்லாத இடத்துல முள்ளை நிறுத்தி, ரெண்டையும் சேர்த்தே மெதுவா திருப்புங்க. ஒரு திசையில இரைச்சல் சட்டுனு அடங்கும். அப்போ ஜன்னல் வழியா பார்க்கிற மாதிரி சட்டத்துக்குள்ள பாருங்க. அந்தக் கோட்டுலதான் ஆள் இருக்கு. முன்னாலயா பின்னாலயான்னு தெரியாது. வேற இடத்துல நின்னு இன்னொரு கோடு போடணும்.

4/ முதல்ல வீட்டு மெயினை அணைச்சோம், இரைச்சல் போகலை. கோடு ரெண்டும் சந்திச்சது சித்தப்பாவோட மாட்டுக்கொட்டகையில. அந்த பல்பைப் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தது நான்.

5/ "இன்னும் யாருங்க ரேடியோ கேக்குறா?" 1960-கள்ல ஆடுதுறை 27-ஐ இந்த டெல்டாவுல பரப்பினது திருச்சி வானொலி, சனங்க வெச்ச பேரே 'ரேடியோ நெல்'. 2018 நவம்பர் கஜா புயல்ல கரண்டும் செல்போனும் நாள்கணக்கா செத்துக் கிடந்தப்போ, பேட்டரி ரேடியோவுக்கு டவர் தேவைப்படலை. பல்பு அட்டையில வாட்ஸ் போடுற மாதிரி, ரேடியோ இரைச்சல் சோதனை பாஸான்னும் பெருசா போடணும்னு நாம கேட்கணும்.

6/ ஒரு எச்சரிக்கை. சீரான 'ஙொய்'னு இல்லாம, காத்தடிக்கும்போது படபடன்னு வெடிச்சா, அது லைன்ல லூஸ் கனெக்‌ஷனா இருக்கலாம். ஈபி ஆபீஸ்ல சொல்லுங்க. லூப்பைத் தூக்கிட்டு டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குள்ள போயிடாதீங்க. அந்தக் கேஸ் நைட் டூட்டியில எங்ககிட்டதான் வரும்.