கோல்கீப்பருக்கென்று தனிச் சட்டம் கிடையாது

2023 ஆகஸ்ட் 14 அன்று ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. 90 நிமிடங்கள் முடிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வுல்வர்ஹாம்ப்டன் (வுல்வ்ஸ்) அணி கோல் முகத்துக்கு உயர்த்தி அனுப்பிய பந்தைக் குத்தி விலக்க, யுனைடெட் கோல்கீப்பர் ஆந்த்ரே ஒனானா பாய்ந்து வந்தார். பந்து அவர் கைக்கு எட்டவில்லை. வந்த வேகத்தில் வுல்வ்ஸ் வீரர் சாஷா கலாய்ஜிச் மீது மோதி அவரைச் சாய்த்தார். நடுவர் சைமன் ஹூப்பர் விசில் ஊதவில்லை. காணொளியைப் பார்த்த வி.ஏ.ஆர். நடுவரும் முடிவை மாற்றச் சொல்லவில்லை. ஆட்சேபித்த வுல்வ்ஸ் பயிற்சியாளர் கேரி ஓநீலுக்கு மஞ்சள் அட்டை காட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் அமைப்பின் சார்பில் ஜான் மாஸ் ஓநீலிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த நடுவர்களுக்கு அடுத்த சுற்றில் ஆட்டம் ஒதுக்கப்படவில்லை. வுல்வ்ஸுக்குப் புள்ளி எதுவும் வரவில்லை.

அன்று தவறியது ஒரு நடுவரின் கண் மட்டும் அல்ல. கோல்கீப்பர் பந்துக்காக வெளியே வந்தால் எதிரே நிற்பவர் அடிபடுவது சகஜம் என்று கால்பந்து உலகம் நெடுங்காலமாகப் பழகிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கம்தான் விசிலைத் தடுத்தது. அதே வேகத்தில் ஒரு டிஃபெண்டர் வந்து, பந்தைத் தொடாமல் ஆளை வீழ்த்தியிருந்தால் யாரும் இரண்டாவது முறை யோசித்திருக்க மாட்டார்கள்.

விதி என்ன சொல்கிறது? 12-ஆவது விதியில் மூன்று படிகள் உண்டு. கவனக்குறைவாக மோதினால் ஃபவுல். எதிராளிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள் அட்டை. அளவு மீறிய பலத்தோடு மோதினால் சிவப்பு அட்டை. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது, தன் பெனால்டி பகுதிக்குள் யார் இதைச் செய்தாலும் பெனால்டி. கோல்கீப்பருக்கு விலக்கு என்று ஒரு வரிகூட அங்கே இல்லை. பந்தைக் கையில் பிடித்திருக்கும் கோல்கீப்பரிடமிருந்து அதைப் பறிக்கக் கூடாது என்பதே அவருக்கு உள்ள பாதுகாப்பு. பிறர் மீது மோதும் உரிமையை அது தரவில்லை.

'அவர் பந்துக்குத்தான் போனார்' என்ற வாதமும் நிற்காது. விதி கேட்பது எண்ணத்தை அல்ல, செயலை. 'பந்து ஏற்கெனவே போய்விட்டது, அடிபட்டவருக்கு என்ன நஷ்டம்' என்பது அதைவிட மோசமான வாதம். அந்த வாதத்தின் விலை என்ன என்பதை 1982 ஜூலை 8 அன்று செவில்லில் உலகமே பார்த்தது. உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸின் பாட்ரிக் பாட்டிஸ்டோன் பந்தை உதைத்துவிட்டார். அதன் பிறகும் நிற்காமல் பாய்ந்த மேற்கு ஜெர்மனி கோல்கீப்பர் ஹரால்டு ஷூமாகரின் இடுப்பு அவர் முகத்தில் மோதியது. பற்கள் போயின, முதுகெலும்பில் காயம். நினைவிழந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். நடுவர் சார்லஸ் கோர்வர் கொடுத்தது கோல் கிக். ஆட்டம் 3-3 என முடிந்து பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. மைதானத்திலேயே இருந்திருக்கக் கூடாத ஷூமாகர் அங்கே இரண்டு உதைகளைத் தடுத்தார். பிரான்ஸ் வெளியேறியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நினைத்தால் வயிறு எரிகிறது.

2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மரக்கானாவில் ஜெர்மனி கோல்கீப்பர் மானுவல் நொயர் பந்தைக் குத்திவிட்டு, அதே பாய்ச்சலில் அர்ஜென்டினாவின் கோன்சாலோ இகுவாயின் மீது மோதினார். அங்கே ஃப்ரீ கிக் கிடைத்ததே ஜெர்மனிக்குத்தான். அடிபட்டவர் மீதே ஃபவுல்! பந்தை முதலில் தொட்டுவிட்டால் அடுத்து வரும் முழங்காலுக்குக் கேள்வி இல்லை என்ற நம்பிக்கையும் விதியில் இல்லாத ஒன்று.

கோல்கீப்பர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களும் இந்த ஆட்டத்தில் நிறைய ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். 1931-இல் செல்டிக் கோல்கீப்பர் ஜான் தாம்ஸன் ரேஞ்சர்ஸ் வீரருடன் மோதி உயிரிழந்தார். 1957 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ரே வுட்டின் கன்ன எலும்பு முறிந்தது. மறு ஆண்டு இறுதியில் ஹாரி கிரெக்கைப் பந்தோடு வலைக்குள் தள்ளி நாட் லாஃப்ட்ஹவுஸ் போட்ட கோல் செல்லும் என்றார்கள். 2006-இல் மண்டை ஓடு உடைந்த பீட்டர் செக், அதன் பிறகு தலைக்கவசம் இல்லாமல் ஆடவில்லை. இவர்களுக்காகத்தான் நடுவர்கள் கோல்கீப்பர்களிடம் கரிசனம் காட்டத் தொடங்கினார்கள். அது சரியே. ஆனால் ஒருவர் தலையைக் காப்பாற்ற வந்த கரிசனம் இன்னொருவர் தலையைப் பலி கேட்கக் கூடாது.

உரசுவதெல்லாம் பெனால்டி என்று நாம் சொல்லவில்லை. 2022 உலகக் கோப்பையில் போலந்து கோல்கீப்பர் வோய்செக் ஷ்செஸ்னியின் கை மெஸ்ஸியின் முகத்தில் லேசாகப் பட்டதற்குக் கொடுத்த பெனால்டி நம் பார்வையில் தவறு. அவரே அந்த உதையைத் தடுத்துவிட்டது வேறு விஷயம். விரல் பட்டதற்கு பெனால்டி, முழு உடலும் மோதியதற்கு ஒன்றுமில்லை என்றால் வீரர்கள் எதை நம்பி ஆடுவார்கள்?

இப்படிக் கண்டித்தால் கோல்கீப்பர்கள் கோல் கோட்டை விட்டு வெளியே வரவே அஞ்சுவார்கள் என்கிறார்கள். கையால் பந்தைத் தொடும் சலுகை அவர்களுக்கு மட்டுமே உண்டு. மற்ற எவரையும்விட உயரத்தில் பந்தை எட்ட முடிந்தவர், எட்டுமா எட்டாதா என்று கணிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். தண்டனையும் முன்போல் கடுமை இல்லை. பந்தை ஆட முயன்று கோல் வாய்ப்பைக் கெடுத்தவருக்கு பெனால்டியோடு சிவப்பு அட்டையும் தருவதை 2016-இல் மஞ்சளாகக் குறைத்துவிட்டார்கள்.

விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. இதற்காகப் புது விதி எழுத வேண்டியதில்லை. பந்தைத் தவறவிட்டு ஆளை வீழ்த்தும் கோல்கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் ஒரே அளவுகோல் என்று நடுவர்களுக்கான வழிகாட்டுதலில் தெளிவாக எழுதட்டும். ஒனானா மோதிய காட்சியையும் ஷ்செஸ்னியின் கை பட்ட காட்சியையும் ஒவ்வொரு லீக்கின் நடுவர் பயிற்சியிலும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டட்டும். வி.ஏ.ஆர். அறையில் இருப்பவர் சந்தேகம் வந்த கணமே கள நடுவரைத் திரைக்கு அழைக்கட்டும்.