மெட்டுக்குச் சொந்த ஊர் எது?



சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும், குன்னத்தூரில் பனியன் கம்பெனியொன்றில் பணிபுரியும் தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். அவர் மகள் வயலின் கற்கிறாள். கோயிற் பாடற்குழுவில் வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆவல்.

"சாமி, வாத்தியார் 'வந்தே மீனாக்ஷி' என்றொரு பாட்டுச் சொல்லித் தருகிறாராம். நம் பிள்ளை அதை வாசிக்கலாமா? வகுப்பை நிறுத்திவிடட்டுங்களா?" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த மெட்டு அயர்லாந்துடையது. அங்கே கார்க் மாவட்டத்தில் மாலோ என்றோர் ஊர் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் மருத்துவ நீரூற்றை நாடிச் செல்வர் கூடுவர். இளைஞர் சிலர் குடியிலும் கூத்திலும் பொருளை அழிப்பர். அந்த ஊதாரிகளைப் பற்றிய பாட்டே 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. பிடில் வாசிப்போர் கையில் அது துள்ளும் நடன மெட்டு. இங்கிலாந்திலோ, ஊர்ப்பெயரும் திரிந்து, 'ரிக்ஸ் ஆஃப் மார்லோ' என்று மாரிஸ் என்னும் நாட்டுப்புற ஆட்டத்துக்கு இசையாயிற்று. 1952இல் வெளிவந்த 'தி குவயட் மேன்' திரைப்படத்திலும் அது ஒலிக்கிறது.

நம் நாட்டுக்கு அது எவ்வாறு வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அயர்லாந்தினர் பலர் இருந்தனர். சென்னைக் கோட்டையில் அவர்களின் பாண்டு முழங்கும். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னையை அடுத்த மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பத்தோடு வாழ்ந்தார். அப்போது அவ்விசை அவர் செவிக்கு எட்டியது. அந்நியம் என்று அவர் ஒதுக்கவில்லை. ஏறத்தாழ 40 மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். 'நோட்' என்னும் ஆங்கிலச் சொல்லையொட்டி அவை நோட்டுஸ்வரம் எனப்பட்டன. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. ஊதாரிகளின் மெட்டு 'வந்தே மீனாக்ஷி' ஆயிற்று. கமகங்களின்றிச் சங்கராபரணச் சுரங்களில் நேராகச் செல்வதால், புதிதாய்க் கற்கும் பிள்ளைகளுக்கு இவை எளிது.

அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. பிற்காலத்தில் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர் எதிர்த்திசையில் நடந்தார். கர்நாடகக் கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறிகளில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' (1904) வெளிவரவும் அவரது தூண்டுதல் துணைநின்றது.

நம் ஊர்க்காரருக்கு இது விளங்காததன்று. துணி ஒன்றே, சாயப்பட்டறை தரும் நிறம் வேறு வேறு. மெட்டு துணி, சொல் சாயம். அச்சொற்கள் பிறர் தம் தெய்வத்தின்முன் சொல்லும் வேண்டுதல். அவற்றை நாம் மதிப்போடு அவர்களுக்கே விட்டுவிடலாம். மெட்டை வாசிப்பதில் குற்றமில்லை.

"மகளை வகுப்புக்கு அனுப்புங்கள், மெட்டு வந்த வழியையும் அவளுக்குச் சொல்லுங்கள்" என்றேன். யாரிடமிருந்து பெற்றோம் என்பதை அறிந்து வாசிக்கும் பிள்ளை, எவரையும் அந்நியர் என்று தள்ளாது.