ஆழம் காட்டும் கடிகாரம்

இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும் சிபிஆரில் ஐந்து முதல் ஆறு செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். அவசர சிகிச்சைப் பிரிவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஓரிரு நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறையும்போது, அழுத்துபவருக்கே பெரும்பாலும் அது தெரிவதில்லை. அழுத்தும் ஆழத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கடிகார உணரிகளை நாம் வரவேற்பது இதற்காகத்தான். அமெரிக்க இதயச் சங்கம், பெரியவர்களுக்கான தன் சிபிஆர் வகுப்புகளில் அழுத்தத்தின் தரத்தை உடனுக்குடன் சொல்லும் பின்னூட்டக் கருவியை 2019 ஜனவரி 31 முதல் கட்டாயமாக்கியதும் சரியான முடிவே.

ஆனால் வாங்குவதற்கு முன், அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடிகாரம் ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. கையின் முடுக்கத்தை அளந்து, இரு முறை தொகையிட்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. அதில் சிறு பிழையும் நொடிக்கு நொடி பெருகும். அதனால், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மீண்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது வழக்கம். களைத்தவர் மார்பின் மேல் சாய்ந்தபடியே அழுத்தினால் இந்தக் கணக்குக்கு அது புலப்படாது. விசை உணரியும் சேர்ந்திருக்க வேண்டும்.

மெத்தை இன்னொரு சிக்கல். திரையில் 5.5 செ.மீ. தெரியும், அதில் 1.5 மெத்தை அமுங்கியது என்றால் மார்புக்குக் கிடைத்தது 4 மட்டுமே. செவிலியர் சரியாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு குறைவாக அழுத்திக்கொண்டிருப்பார். கருவியே இல்லாததைவிட இது ஆபத்தானது என்பேன்.

பலன் பற்றிய சான்றும் ஒரே திசையில் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,586 பேரிடம் நடந்து 2011இல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வில், பின்னூட்டத்தால் அழுத்தத்தின் தரம் கூடியது. இதயத்துடிப்பு மீண்டவர் விகிதம் கூடவில்லை. ஈரானின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 900 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்விலோ, உயிர் பிழைத்தோர் தெளிவாகவே அதிகம். அங்கே பயன்பட்டது கடிகாரம் அல்ல. போதிய விசை விழுந்ததும் ‘க்ளிக்’ என ஒலிக்கும் எளிய சாதனம்.

விற்பனையாளர் பயிற்சிப் பொம்மையைத் தரையில் கிடத்திக் காட்டுவார். அதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் வார்டுக் கட்டிலில், முதுகுக்குக் கீழே பலகை வைத்தும் வைக்காமலும் அழுத்தி, பொம்மையின் உள்ளே பதிவாகும் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு வேண்டுமென்றே சாய்ந்தபடி அழுத்துங்கள். கடிகாரம் எச்சரிக்கவில்லை என்றால், வாங்கும் குழுவின் குறிப்பில் அதை எழுதுங்கள்.