விடுமுறைக்கு இரண்டு நாள்

சிறுநீரகம் பழுதுற்ற எங்கள் அப்பாவிற்குச் செவ்வாய், வியாழன், சனி தோறும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஆகவே கோடை விடுமுறையில் எங்களுக்குக் கிடைத்தவை ஞாயிறும் திங்களுமே. "இந்த நிலையில் பயணமா?" என்று குருசுக்குப்பத்து உறவினர்கள் கடிந்துகொண்டனர். இருந்தும் வேளாங்கண்ணிக்குச் சென்றோம்.

வழியில் ஓர் அன்பர் அப்பாவிற்கு இளநீர் தந்தார். பொட்டாசியம் மிகுந்த அது ஆகாது என்றதும் அவர் முகம் வாடிற்று. (நாங்கள்தான் குடித்தோம்!) அளந்து கொண்டுபோன நீரை மிடறு மிடறாக அருந்தியபடி அப்பா கடலோரம் வெகுநேரம் அமர்ந்திருந்தார், பல மாதங்களுக்குப் பின் எங்களைக் கேலியும் செய்தார்.

நோயாளியை வீட்டிலேயே பொத்தி வைப்பதுதான் அன்பு என்பதை நாங்கள் ஏற்கவில்லை. மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2016இல் அறிவித்தது. வெளியூர் நோயாளிக்கும் அங்கே ஓரிரு முறை எளிதில் இடம் கிடைத்தால், அப்பா ஆசைப்படும் கொடைக்கானலில் ஒரு வாரம் தங்குவோம்.