காற்றின் கணக்கும் குடிகளின் மூச்சும்

ஆலைப் புகைபோக்கி கக்கும் நச்சு எந்த ஊரில் எவ்வளவு இறங்கும் என்பதை அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு முன்கூட்டியே சொல்லுகிறது. ஆலைக்கு அனுமதி கிடைப்பதும் மறுக்கப்படுவதும் பல சமயங்களில் அதையே பொறுத்தவை. ஏர்மாட் என்னும் இக்கணக்கை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 2005-ல் அங்கீகரித்தது. 2017-லும் 2024-லும் விதிகளைத் திருத்தியது.

காற்று மந்தமாயுள்ள இரவுகளில் ஏர்மாட் நச்சை மிகைப்படுத்திக் காட்டுகிறதென்று கண்டு, 2017-ல் ஒரு மாறுதல் அனுமதிக்கப்பட்டது. மாறுதல் நியாயமே. ஆயினும் அதன் பலன் என்ன? புகை இம்மியும் குறையாமலே காகிதத்தில் நச்சு குறையும். ஆலைத் தலத்தில் அளந்த காற்றுக் கொந்தளிப்பையும் உடன் சேர்த்தால் கணக்கு உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். ஆதலால் இரண்டையும் சேர்க்கலாகாதென்று அதே விதி தடுத்தது. இந்த எச்சரிக்கையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

கணக்கும் ஒரு சாட்சியே. குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியைக்கொண்டு தீர்ப்பளிப்பது தர்மமன்று. மூன்றாண்டுக்கொருமுறையேனும் இதுபற்றி மகாநாடு கூட்ட வேண்டுமென்று அந்நாட்டுச் சட்டம் விதிக்கிறது. கணக்கின் நிரலும் யாவரும் பரிசோதிக்கக் கிடைக்கிறது. இவ்விரண்டு காவல்களும் தளரலாகாது. கணக்கு குறைத்துச் சொன்னால் லாபம் ஆலைக்கு. நஷ்டமோ அதன் காற்று வீசும் திசையில் வாழும் ஜனங்களுக்கு.